மனநிலைக் குறிப்புக்கு ஒரு செயலி: ஏற்றுமதியிலிருந்து தொடங்கிய தேர்வு

தூக்கமும் மனநிலையும் எப்படி இருந்தன என்பதை அன்றன்றைக்கே குறித்துக்கொண்டு வருமாறு மருத்துவர் சொன்னதால் இந்த வேலை தொடங்கியது. நினைவிலிருந்து சொன்னால் போதாதா என்று கேட்கலாம். ஆனால் நினைவு கணக்குப் போடும் விதம் வேறு. டேனியல் கானமனும் அவருடைய சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், குளிர்ந்த நீரில் கையை வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர், சீக்கிரம் முடிந்த வேதனையைவிட, கூடுதல் நேரம் நீடித்து இறுதியில் சற்றே தணிந்த வேதனையையே மீண்டும் ஏற்கத் தயாராக இருந்தார்கள். வேதனை எவ்வளவு நேரம் நீடித்தது என்பது அல்ல, எப்படி முடிந்தது என்பதே மனத்தில் தங்குகிறது. சில வாரங்களை நினைவுகூர்ந்து சொல்லச் சொன்னால் நான் சொல்லப்போவது பெரும்பாலும் கடைசி இரண்டு நாளின் கதையாகத்தான் இருக்கும்.

ஒரு நோட்டுப் புத்தகமே போதும் என்பவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. எங்கள் வீட்டில் நோட்டுப் புத்தகம் என்பது பால் கணக்குக்கும் பிள்ளையின் கிறுக்கலுக்கும் பொதுச் சொத்து; அதில் மனத்தை எழுதிவைக்க முடியாது. தவிர, எந்தக் கிழமை, எத்தனை மணி நேரத் தூக்கம், எந்த வேளையில் எரிச்சல் என்று பிரித்து அடுக்க வேண்டுமானால், எழுதியவை எப்படியும் ஒருநாள் அட்டவணைக்குள் வந்தாக வேண்டும். எனவே செயலி என்று முடிவாயிற்று. கைப்பேசி நடுத்தர விலை ஆண்ட்ராய்டு, கணினி விண்டோஸ்.

தேடுவதற்கு முன் என்ன வேண்டும் என்பதை எழுதிக்கொண்டேன். மிக மோசமான நாளிலும், படுக்கையில் சாய்ந்தபடியே, ஒரு சொல்கூடத் தட்டச்சு செய்யாமல் பதிவை முடிக்க இயல வேண்டும். ஏனெனில் நல்ல நாளில் பக்கம் பக்கமாக எழுத வைத்துவிட்டு, எழுந்து உட்காரத் தெம்பில்லாத நாளை வெறுமையாக விட்டுவிடும் செயலி, எந்த நாளுக்காக அது வேண்டியிருந்ததோ அந்த நாளையே தவறவிடுகிறது. எழுதத் தோன்றும் நாளில் தமிழில் எழுத முடிய வேண்டும். வீட்டில் கைப்பேசி கைமாறிக்கொண்டே இருக்கும், பிள்ளை விளையாடக் கேட்பாள், ஊரிலிருந்து அத்தை அழைத்தால் பேசிவிட்டு அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும் என்பதால், கைப்பேசிப் பூட்டைத் தவிரச் செயலிக்கென்று தனிப்பூட்டும் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதியது முழுவதையும் எந்த நேரத்திலும் சிதையாமல் எடுத்துக்கொண்டு நான் வெளியேற முடிய வேண்டும். ஏற்றுமதி எனப்படும் இந்தக் கடைசி நிபந்தனையையே தேர்வின் முதல் படியாக வைத்தேன். வரைபடம், வண்ணம், தினமொரு பொன்மொழி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

காரணம் இருக்கிறது. 2011இல் வெளிவந்த டே ஒன் என்ற புகழ்பெற்ற நாட்குறிப்புச் செயலியை, வேர்ட்பிரஸ் டாட் காமை நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் 2021இல் வாங்கியது. அதனால் பயனர்களுக்குக் கேடு வந்தது என்று நான் சொல்லவில்லை. பத்தாண்டு எழுதிய நாட்குறிப்பு நாளை யார் பொறுப்பில் இருக்கும் என்பதை எழுதியவர் தீர்மானிப்பதில்லை என்பதற்கு அது சான்று. பின்லாந்தில் வஸ்தாமோ என்ற உளச்சிகிச்சை நிறுவனத்தின் நோயாளிக் குறிப்புகளைத் திருடியவர், 2020இல் நோயாளிகளுக்கே தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பிப் பணம் கேட்டு மிரட்டினார். இணையவழி ஆலோசனை வழங்கும் பெட்டர்ஹெல்ப், பயனர்களின் உடல்நலத் தகவல்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் முதலிய நிறுவனங்களோடு பகிர்ந்தது என்ற வழக்கில், 2023இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்துடன் 78 இலட்சம் டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு மொசில்லா அறக்கட்டளை மனநலம், பிரார்த்தனை சார்ந்த 32 செயலிகளை ஆராய்ந்து, அவற்றில் 28க்குத் தனியுரிமை எச்சரிக்கை முத்திரை குத்தியது. நம் நாட்டில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் தரவை நீக்கக் கோரும் உரிமையை வகுத்துள்ளது என்றாலும், சட்டப்பிரிவைத் தேடிப் போகும் நிலைக்கு வருவதைவிட, செயலிக்குள் ‘எல்லாவற்றையும் நீக்கு’ என்ற பொத்தான் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்ப்பது எளிது.

ஒரு பொய்ப் பதிவு

செயலிகளை நிறுவியவுடன் உண்மையான மனநிலையை எதிலும் எழுதவில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பொய்ப் பதிவைத் தயாரித்து வைத்திருந்தேன்: “கொய்யா மரத்தடியில் பௌர்ணமி வெளிச்சம். ஸ்ரீரங்கத்து மாமா வந்து போனார். தூக்கத்தில் கனவு.” செய்தி என்று அதில் ஒன்றும் இல்லை, எழுத்துகள் மட்டும் வேண்டுமென்றே பொறுக்கியவை. இருபுறமும் குறி பெறும் கொ, பௌ இரண்டும், கூட்டெழுத்தான ஸ்ரீயும் சரியாக வந்துவிட்டால் மற்றவை பெரும்பாலும் தாமாக வந்துவிடும்.

நிறுவியதும் முதல் வேலையாகக் கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டேன். இணையம் இல்லாமல் திறக்கவே மறுத்த செயலிகளும், கணக்குத் தொடங்கினால்தான் எழுத விடுவேன் என்ற செயலிகளும் அந்த இடத்திலேயே கழிந்தன. பிறகு அனுமதிகள். மனநிலை குறிக்கும் செயலிக்கு நினைவூட்டல் அனுமதி தேவை, படம் சேர்ப்பதானால் படங்கள் தேவை. தொடர்பு எண்களும் இருப்பிடமும் எதற்கு என்பதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. ஒரு செயலிக்குள் எந்தெந்தக் கண்காணிப்பு நிரல்கள் பொதிந்திருக்கின்றன என்பதை எக்ஸோடஸ் பிரைவசி என்ற தளத்தில் பெயர் கொடுத்துப் பார்க்கலாம். விளம்பர நிரல்கள் வரிசையாக நின்ற இரண்டு செயலிகளை அதைப் பார்த்தே நீக்கினேன்.

பூட்டைச் சோதிப்பதில் பலர் விட்டுவிடும் ஓர் இடம் உண்டு. செயலியை இரகசிய எண்ணால் பூட்டி, உள்ளே ஒரு பதிவைத் திறந்து வைத்துவிட்டு, அண்மைச் செயலிகள் திரைக்குப் போய்ப் பாருங்கள். சில செயலிகளில் அந்தச் சிறு படத்தில் எழுதியது அப்படியே படிக்கக் கிடைக்கும். கதவைப் பூட்டிவிட்டுச் சன்னலைத் திறந்து வைத்த கதைதான். நினைவூட்டல் அறிவிப்பு, பூட்டிய திரையில் முந்தைய பதிவின் வரியைக் காட்டுகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதன் பிறகு ஏற்றுமதி. என் அனுபவத்தில் தேர்வு உண்மையில் நடந்தது இங்கேதான். சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணையாக, தருவதாகச் சொன்ன ஒரு செயலியின் கோப்பை விண்டோஸ் கணினியில் இரட்டைச் சொடுக்கில் திறந்தபோது, தமிழ் இருந்த இடமெல்லாம் தலையில் சாய்கோடு சுமந்த இலத்தீன் ஏ எழுத்தும், வட்டத்துக்குள் அடைபட்ட ஆர் எழுத்துமாக நிரம்பிக் கிடந்தது. பார்த்தவுடன் கோப்பு கெட்டுவிட்டது என்றுதான் தோன்றும், கெடவில்லை. எழுத்துகளைக் கணினி சேமிக்கும் குறியாக்க முறைகளில் ஒன்றான யுடிஎஃப்-8இல், தமிழ் எழுத்தோ அதன் குறியோ ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. எக்செல் அதை அறியாமல் மேலை ஐரோப்பிய எழுத்துமுறை என்று எண்ணி மூன்று தனித்தனி எழுத்துகளாகக் காட்டுகிறது. கோப்பை நேரடியாகத் திறக்காமல், எக்செல்லின் தரவுப் பகுதியில் உரைக் கோப்பிலிருந்து இறக்கும் வழியாகப் போய், குறியாக்கப் பட்டியலில் யுடிஎஃப்-8ஐக் குறிக்கும் 65001 என்ற எண்ணைத் தேர்ந்தால் கொய்யா மரம் திரும்பி வந்துவிடும். லிப்ரே ஆஃபிஸ் கால்க் என்ற இலவச அட்டவணை மென்பொருள் திறக்கும்போதே குறியாக்கத்தைக் கேட்டுவிடுவதால் எனக்கு அதுவே வசதியாக இருந்தது.

பிடிஎஃப் கதை வேறு. இன்னொரு செயலி அழகிய எழுத்துருவில் பிடிஎஃப் தந்தது; அதில் கொ என்ற எழுத்தின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது, ஸ்ரீ மூன்று துண்டாகக் கிடந்தது. குறிகளை இடம் மாற்றி அடுக்கும் பொறி அந்தச் செயலியின் பிடிஎஃப் நிரலில் இல்லை என்பதே இதன் பொருள். பயனர் பக்கத்தில் இதற்கு மருந்து கிடையாது. ஆகவே பிடிஎஃப் மட்டும் தரும் செயலிகளை, மற்றவற்றில் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஒதுக்கிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

தேடல் வசதியைப் பற்றியும் ஒரு சொல். ‘தூக்கம்’ என்று தேடினால் ‘தூக்கத்தில் கனவு’ என்ற பதிவு வராது. ‘தூக்க’ என்று பாதியில் நிறுத்தித் தேடினால் வரும். ஆனால் ‘தூங்கவில்லை’ என்று எழுதிய நாள் அப்போதும் வராது. இது செயலியின் குற்றமன்று, நம் சொற்கள் உருபேற்கும்போது வடிவம் மாறுவதால் வருவது. இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத சிக்கல் ஒன்று உண்டு: ஒகரக் குறி யுனிகோடில் ஒரே குறியெண்ணாகவும் வரலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியெண்ணாகப் பிரிந்தும் வரலாம், திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தாலும், இரண்டையும் ஒன்றாகக் கருதாத தேடலில் ஒன்று மற்றதைக் கண்டுபிடிக்காது. விசைப்பலகையை இடையில் மாற்றுகிறவர்களுக்கு இது நேரலாம். தமிழில் எழுதுகிறவர் தேடலை நம்பியிராமல், அடிக்கடி வரும் விஷயங்களைக் குறிச்சொல்லாக வைத்துக்கொள்வது அதனால்தான் உகந்தது.

எஞ்சியவை

ஆப்பிளின் ஜர்னல் செயலி 2023 டிசம்பரில் ஐபோனுக்கு வந்தது. எனக்கு அது பயன்படாது. ஐபோன் வைத்திருப்பவர்கள் அதைவிட அதன் உடல்நலச் செயலியில் உள்ள மனநிலைப் பகுதியைப் பார்க்கலாம். அந்தக் கணத்தின் உணர்வையும் அன்றைய நாள் முழுவதன் மனநிலையையும் தனித்தனியாகக் கேட்பது அதன் சிறப்பு. டே ஒன் எழுதுவதற்கு இனியது, இருமுனை மறையாக்கமும் உண்டு. அதன் மறைச்சாவியைத் தொலைத்தால் நிறுவனமே நினைத்தாலும் எழுதியதை மீட்க முடியாது என்பதால் சாவியை எங்கே வைப்பது என்ற புதிய கவலை ஒன்று சேர்கிறது. எனினும் அது எழுதுகிறவர்களுக்கான கருவி. எழுதத் தெம்பில்லாத நாள்தான் என் கவலை.

ஹவ் வி ஃபீல் என்பதை உணர்வறிவு ஆய்வாளரான யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் பிராக்கெட்டுடன் இணைந்து இலாப நோக்கற்ற அமைப்பொன்று 2022இல் வெளியிட்டது. ஆற்றல் மிகுந்ததா குறைந்ததா, இனியதா இன்னாததா என்ற இரண்டு அச்சுகளில் உணர்வுகளை நான்கு வண்ணங்களாகப் பிரிக்கிறது. இந்த இரட்டை அச்சு ஜேம்ஸ் ரஸல் 1980இல் முன்வைத்த உணர்வு வட்ட மாதிரியின் வழியில் வருவது. எரிச்சலையும் சோர்வையும் ஒரே ‘மோசம்’ என்ற குடத்தில் ஊற்றாமல் பிரித்துக் காட்டுவதால் இந்த அமைப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் 144 ஆங்கிலச் சொற்களிலிருந்து ஒன்றைத் தேர வேண்டும். இரவு பதினொரு மணிக்கு அது எனக்கு ஒத்துவரவில்லை. ஜாப்லின், ஆப்சிடியன் போன்ற குறிப்புச் செயலிகளில் ஏற்றுமதிச் சிக்கல் அறவே இல்லை, ஆப்சிடியனில் எழுதுவதெல்லாம் வெறும் உரைக் கோப்புதான்; ஆனால் ஒரே தொடுதலில் பதிவை முடிக்கும் வசதி அவற்றில் இல்லை.

கடைசியில் நிலைத்தது டேலியோ. ஐந்து முகங்களில் ஒன்றைத் தொட்டு, அன்று நடந்தவற்றின் சின்னங்களைத் தொட்டால் பதிவு முடிந்தது. எழுத விரும்பினால் குறிப்பும் சேர்க்கலாம். பதிவுகள் கைப்பேசியிலேயே இருக்கின்றன, காப்பு நம் சொந்த கூகுள் டிரைவுக்குப் போகிறது. முகங்களின் பெயரையும் சின்னங்களின் பெயரையும் தமிழில் மாற்றிக்கொள்ள முடிகிறது. பொய்ப் பதிவு சிஎஸ்வி கோப்பில் சேதமின்றி வந்து சேர்ந்தது. இதைவிட அழகான செயலிகள் இருந்தன என்பதை மறுக்கவில்லை.

அமைத்துக்கொண்ட விதம்

ஐந்து முகங்களுக்கும் நிறைவு, நலம், மந்தம், எரிச்சல், முடியவில்லை என்று பெயரிட்டேன். சின்னங்களின் பட்டியலை முதலிலேயே வெட்டிச் சுருக்கினேன். செயலி இயல்பாகத் தரும் நீண்ட பட்டியலில் விருந்து, சினிமா, ஷாப்பிங் என்று எனக்குத் தேவையற்றவை நிறைய. ‘தூக்கம் 5 மணி நேரத்துக்குக் கீழ்’, ‘மாலை காப்பி’, ‘நடை’, ‘வாக்குவாதம்’, ‘வயிறு சரியில்லை’, ‘மருந்து’ என்பவை போல ஒரு திரையில் அடங்குபவை மட்டும் எஞ்சின.

பெயரிடும்போது கவனிக்க வேண்டிய ஒன்றை, அட்டவணை தயாரிக்கும் எண்ணம் உள்ளவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். ஏற்றுமதிக் கோப்பில் ஒரு பதிவின் சின்னங்கள் எல்லாம் ஒரே கட்டத்துக்குள், நெடுங்கோட்டால் பிரிக்கப்பட்டு வருகின்றன. அவற்றை எண்ணுவதற்குப் பெயரின் முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி இட்டுத் தேடும் சூத்திரத்தைப் பயன்படுத்துவோம். ஒரு சின்னம் ‘காப்பி’, இன்னொன்று ‘மாலை காப்பி’ என்றிருந்தால், முன்னதை எண்ணும்போது பின்னதும் சேர்ந்து எண்ணப்பட்டுவிடும். ஒரு பெயர் இன்னொன்றுக்குள் அடங்காதபடி வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. மனநிலையும் எண்ணாக அல்லாமல் நாம் இட்ட பெயராகவே வருவதால், பெயருக்கு எண் கொடுக்கும் சிறிய பட்டியல் ஒன்றைத் தனித் தாளில் வைத்துக்கொள்ள வேண்டும். இடையில் பெயரை மாற்றினால் அந்தப் பட்டியலையும் மாற்ற வேண்டியிருக்கும்.

பதிவு வேளையை மதிய உணவுக்குப் பின்னும் இரவிலும் என்று இரண்டாக்கினேன். இரவில் மட்டும் குறித்தால் வீடு திரும்பும் பேருந்தின் நெரிசல் முழு நாளுக்கும் வண்ணம் பூசிவிடுகிறது. பேட்டரியைச் சிக்கனம் செய்யும் அமைப்பு சில கைப்பேசிகளில் செயலிகளின் நினைவூட்டலை அமுக்கிவிடும் என்பதால், பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து செயலிக்கு விலக்கு அளித்ததோடு, மதிய நினைவூட்டலைக் கடிகார அலாரத்திலேயே வைத்துவிட்டேன். இத்தனை நாள் விடாமல் பதிந்தீர்கள் என்று பாராட்டும் கணக்கை நான் பொருட்படுத்துவதில்லை. அந்தக் கணக்கு அறுந்துவிடக் கூடாதே என்று மறுநாள் காலையில் ஊகித்து நிரப்பும் பதிவு, வெறும் கட்டத்தைவிடக் கெடுதலானது.

வெறும் கட்டங்களைப் பற்றித்தான் இந்த வேலையில் நான் அதிகம் யோசித்தேன். செயலி காட்டும் சராசரி வளைகோடு அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறது. மதியம் ‘முடியவில்லை’, இரவு ‘நிறைவு’ என்று குறித்த நாளும், இரண்டு வேளையும் ‘மந்தம்’ என்று குறித்த நாளும் சராசரியில் ஒன்றுதான்: மூன்று. வாழ்ந்தவருக்கு இரண்டும் ஒன்றல்ல. எனவே செயலியின் வரைபடத்தை விட்டுவிட்டு, கால்க் அட்டவணையில் மதியம், இரவு, தூக்கம் என்று மூன்று நெடுவரிசை வைத்து, பதிவில்லாத வேளையைச் சாம்பல் நிறமாக்கினேன். சாம்பல் கட்டங்கள் சிதறிக் கிடக்கவில்லை. தூக்கம் குறைந்த இரவுகளை அடுத்தே பெரும்பாலும் கூடியிருந்தன. தூக்கக் குறைவின் விளைவு மறுநாள் மதியத்தில் தெரிந்தது, இரவுக்குள் ஓரளவு ஆறியிருந்தது. ஒருவருடைய சில வாரக் குறிப்பை வைத்து இதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்தது.

மருத்துவருக்கு அந்த அட்டவணையின் ஒரு பக்கம் போதுமானதாக இருந்தது. அவர் வண்ணங்களைப் பார்க்கவில்லை, படுத்த நேரமும் எழுந்த நேரமும் எங்கே என்று கேட்டார். அவற்றை இப்போது இரவுப் பதிவின் குறிப்பில் எழுதுகிறேன். அந்த ஒரு பக்கத்தை அச்சிடப் போனபோது கடையில் வாட்சப் எண்ணைக் கொடுத்து அனுப்பச் சொன்னார்கள். இவ்வளவு சோதனைக்குப் பிறகு மனநிலை அட்டவணையை முன்பின் தெரியாத கடையின் வாட்சப்பில் விட்டுவர மனம் வராமல், தாளில் கையால் பெயர்த்தெழுதிக்கொண்டு போனேன்.

சில செயலிகள் மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 என்ற வினாத்தாளையும் தருகின்றன. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றிய ஒன்பதாவது கேள்விக்குப் பூச்சியத்தைத் தவிர வேறு எது வந்தாலும் செயலியை மூடிவிட்டு ஒரு மனிதரிடம் பேச வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அந்த எண்ணைச் செயலியில் தேடிக்கொண்டிராமல் கைப்பேசியின் தொடர்புப் பட்டியலிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இப்போது மாத இறுதியில் சிஎஸ்வி கோப்பை எடுத்து, கணினியில் கடவுச்சொல்லால் பூட்டிய கோப்புறையில் வைக்கிறேன். காப்பு எடுத்தால் மட்டும் போதாது, அது திரும்பி வருகிறதா என்றும் பார்க்க வேண்டும் என்பதால், அலமாரியில் கிடந்த பழைய கைப்பேசியில் செயலியை நிறுவி டிரைவிலிருந்து மீட்டுப் பார்த்தேன். பதிவுகளும் தமிழ்ப் பெயர்களும் வந்தன. இதைச் செய்கிறவர்கள் மீட்டவுடன் அந்தக் கைப்பேசியிலும் செயலிக்குப் பூட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் எண்ணம் இருந்தால், செயலியை நீக்குவதோடு நிறுத்தாமல் கூகுள் கணக்கையும் எடுத்துவிட்டுக் கைப்பேசியை முழுவதுமாக அழித்தபின் கொடுங்கள்.